ஈரற்புழுவின் குலமுறை

ஆரணி நகரம் பட்டுக்குப் பெயர் பெற்றது. கமண்டல நாகநதியின் கரையிலமைந்த அவ்வூரில் தெருத்தோறும் தறியொலி கேட்கலாம். ஆயினும், நெசவாளர் இல்லங்கள் பலவற்றின் கொல்லைப்புறத்தே ஒரு பசுவோ இரண்டு ஆடுகளோ கட்டப்பட்டிருத்தலைச் சேலை எடுக்க வருவோர் அறியார். பாவு கிடைக்காது தறி சும்மா நிற்கும் நாட்களில் அடுப்பு எரிவது பெரும்பாலும் அப்பசுவின் பாலால்தான்.

எம் இல்லத்தும் ஒரு பசு இருந்தது. அதனை வளர்த்தவர் என் பாட்டியார். யான் எட்டாம் வகுப்பிற் பயின்றபோது, மாலைதோறும் ஏரிக்குச் சென்று நீரோரத்துப் பசும்புல்லை அறுத்துவந்து அதன்முன் இடுவது என் கடமையாயிருந்தது. கோடையில் ஊரெங்கும் புல் தீய்ந்தபின்னும் ஏரியோரத்தில் மட்டும் பசுமை மாறாது. ஆதலின், நீரிற் கால் நனைய நின்று, தண்டின் அடிவரை அறுத்து வருவேன். ஓராண்டு அப்பசுவின் பால் வரவரக் குறைந்தது. பின்னர் உடல் இளைத்தது. தாடையின்கீழ் நீர் கோத்துத் தொங்கியது. இறுதியில் ஒருநாள் விழுந்தது, எழவில்லை. அதனை அப்புறப்படுத்த வந்த பெரியவர் ஈரலை அறுத்துக் காட்டினார். பித்தக்குழாய்கள் சுண்ணாம்பு பூசியவைபோல் தடித்து விறைத்திருந்தன. அவற்றை அழுத்தியபோது, நீண்ட இலைபோன்ற தட்டைப்புழுக்கள் பல வழுக்கி வெளிவந்தன. பாட்டியார் அவற்றை நெடுநேரம் நோக்கினார். பின்னர் என்பக்கம் திரும்பி, “இது எங்கேயிருந்தப்பா வந்தது?” என்று வினவினார். என்னிடம் விடை இல்லை.

இக்கட்டுரை அவ்வினாவிற்கு யான் பின்னர்த் தேடிக் கண்ட விடையாகும். தேடப் புகுந்தபோது, புழுவின் குடும்பம் இன்னதென்று தெளிந்தாலன்றி, அது வந்த வழியைத் தெளிதல் இயலாது என்பதை உணர்ந்தேன். ஆதலின், ஈண்டு வகைப்பாட்டினைப் பற்றியே மிகுதியும் கூறுவேன்.

வகைப்படுத்தல் என்னும் கலை

தமிழ் பயில்வோனுக்குப் புழுவோடு யாது தொடர்பு என்று நண்பர் சிலர் நகைக்கக்கூடும். தொல்காப்பிய மரபியலைப் பயின்றோர் நகையார். உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு ஈறாக அடுக்கிக் காட்டியவர் தொல்காப்பியர். புல்லும் மரமும் ஓரறிவின, நந்து, அதாவது நத்தை, ஈரறிவினது, எறும்பு மூவறிவினது, நண்டும் தும்பியும் நான்கறிவின. ஈண்டு நாம் கருதத்தக்கன இரண்டு. ஒன்று, ஆசிரியர் உயிரின் பருமையையோ அது வாழும் இடத்தையோ கொண்டு வகுத்திலர். அதன் உள்ளியல்பாகிய அறிவினைக் கொண்டு வகுத்தார். மற்றொன்று, ஒவ்வொரு வகுப்பிலும் சிலவற்றைப் பெயர் கூறி, அக்கிளையிற் பிறந்தன பிறவும் உள என்று இடம் விட்டுச் சென்றார். இவ்விரண்டும் நல்ல வகைப்பாட்டின் இலக்கணம். இவற்றை மறந்த இடங்களிலெல்லாம் ஈரற்புழுவைப் பற்றிய அறிவு இடறியுள்ளது என்பதைப் பின்வருவன காட்டும்.

மேலைநாட்டில் வகைப்பாட்டு நூலுக்கு அடிகோலியவர் லின்னேயஸ் என்னும் சுவீடன் நாட்டறிஞர். அவர் 1758-ஆம் ஆண்டில் வெளியிட்ட பதிப்பில், ஆட்டின் ஈரலிற் காணப்படும் புழுவிற்கு ‘பாஸியோலா ஹெபாடிகா’ என்று பெயரிட்டார். பாஸியோலா என்னும் இலத்தீன் சொல் சிறிய துணிப்பட்டையைக் குறிக்கும். ஹெபாடிகா என்பது ஈரலுக்குரியது எனப் பொருள்படும். எனவே, ‘ஈரலில் வாழும் சிறு பட்டை’ என்பது அதன் பொருள். நன்னூலார் முறையிற் கூறின், இது காரணப்பெயர். ஆயின், அவரும் புழு என்னும் ஒரே பெருவகுப்பினுள் நத்தையையும் இப்புழுவையும் ஒருங்கே வைத்திருந்தார். அவ்வகுப்பு, எலும்பில்லாத உயிர் பலவற்றைக் கட்டிவைத்த ஒரு மூட்டை போன்றது. பின்வந்தோர் அம்மூட்டையை அவிழ்த்து, நத்தையை மெல்லுடலிகளுள்ளும், ஈரற்புழுவைத் தட்டைப்புழுக்களுள்ளும் சேர்த்தனர்.

ஈரற்புழுக்கள் ஒரு குடும்பத்தன அல்ல

‘ஈரற்புழு’ என்னும் நம் பெயரும் ஒருவகையில் மயக்கம் தருவதே. ஈரலில் வாழும் தட்டைப்புழுக்களுள் மூன்று குடும்பங்கள் முதன்மையானவை.

முதலாவது, பாஸியோலிடே. இக்குடும்பத்தினை ரயே என்னும் பிரெஞ்சு அறிஞர் 1895-இல் வரையறுத்தார். இவை உருவிற் பெரியன. புல்பூண்டின் வழியாகக் கால்நடையை அடைவன.

இரண்டாவது, ஒபிஸ்தார்க்கிடே. இவை சிறியன, நத்தையினின்று மீனுக்கும், சரிவர வேகாத மீனினின்று மனிதர்க்கும் செல்வன. இக்குடும்பத்துச் சீன ஈரற்புழுவை மக்கானல் என்னும் மருத்துவர் 1874-ஆம் ஆண்டில் நம் நாட்டுக் கல்கத்தா மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில், சீனர் ஒருவருடைய உடலிற் கண்டறிந்தார். இப்புழுவும் இதன் தாய்லாந்து உறவும் மனிதருடைய பித்தக்குழாய்களிற் புற்றுநோயை உண்டாக்கவல்லன.

மூன்றாவது, டைக்ரோஸீலிடே. இக்குடும்பத்தின் பெயர்பெற்ற உறுப்பினர் ஒல்லியான ஈட்டியிலை வடிவினர். நிலத்து நத்தையினுள் வளர்ந்து, எறும்பினுட் புகுந்து, அவ்வெறும்பு ஒட்டியுள்ள புல்லை மேயும் ஆட்டினை அடைபவர்.

மூன்றும் ஈரலில் வாழ்வன. எனினும், ஒன்று புல்லில் வருவது. ஒன்று மீனில் வருவது. ஒன்று எறும்பில் வருவது. புழு இருந்த இடத்தை மட்டும் நோக்கி ‘ஈரற்புழு’ என்று கூறி அமைவோமாயின், அது எவ்வழியாக வந்ததென்று ஒருநாளும் அறியோம்.

பாஸியோலிடே குடும்பத்தார்

இனி, எம் பசுவின் ஈரலிற் கண்ட முதற் குடும்பத்தினுட் புகுவோம். இதனுள் ஒன்பது சிற்றினங்கள் இருத்தலை 2008-ஆம் ஆண்டின் ஆராய்ச்சியொன்று கூறுகின்றது. அவற்றுள் மாணவர் அறியவேண்டியன சில.

பாஸியோலா ஹெபாடிகா இரண்டு மூன்று சென்டிமீட்டர் நீளமுடையது. முன்புறத்தே கூம்புபோன்ற தலையும், அதன்கீழ்த் தோள்போல் அகன்ற பகுதியும் கொண்டு, வால்நோக்கிக் குறுகிச் செல்லும். குளிர்நாடுகளில் மிகுதி, ஆடும் மாடும் இதன் இல்லங்கள்.

பாஸியோலா ஜைகாண்டிகா ஏழரை சென்டிமீட்டர் வரை நீள்வது. தோள் அகலம் குறைவு. இரு கரைகளும் ஏறத்தாழ ஒருநேராக ஓடும். காபோல்டு என்னும் ஆங்கில அறிஞர் 1855-இல் ஒட்டகச்சிவிங்கி ஒன்றின் உடலினின்று எடுத்து இதற்குப் பெயரிட்டார். ஆசிய, ஆப்பிரிக்க வெப்பநாடுகளுக்குரியது இது. நம் நாட்டுச் சமவெளிகளில் ஆடுமாடுகளை வாட்டுவது பெரும்பாலும் இதுவே. அன்று யான் கண்ட நீண்ட இலைகள் இவ்வினத்தைச் சார்ந்தவை என்பதைப் பின்னர்ப் படங்களோடு ஒப்பிட்டு அறிந்தேன்.

பாஸியோலாய்டீஸ் மாக்னா அமெரிக்க மான்களின் ஈரலில் வாழ்வது. பத்து சென்டிமீட்டர் வரை வளர்வது. இதற்குத் தலைக்கூம்பு தெளிவாக இல்லை. இதனை முதன்முதல் விவரித்தவர், அமெரிக்காவிலன்று, இத்தாலியில் டூரின் நகரையடுத்த அரச வேட்டைக்காட்டில் 1875-இல் கண்ட பாஸி என்பவர். மான்களோடு புழுவும் கடல் கடந்து சென்றிருந்தது.

பாஸியோலாப்ஸிஸ் பஸ்கி இக்குடும்பத்துப் புதிர். பஸ்க் என்னும் மருத்துவர் 1843-இல் இலண்டன் நகரத்துக் கடலோடிகள் மருத்துவமனையில் இறந்த இந்திய மாலுமி ஒருவருடைய சிறுகுடலில் இதனைக் கண்டார். இது ஈரலில் வாழ்வதேயன்று. மனிதரும் பன்றியும் இதன் இல்லங்கள். ஈரல் என்னும் இடத்தையே அளவுகோலாகக் கொண்டால் இதனைக் குடும்பத்தினின்று நீக்க நேரும். ஆயினும், உடலமைப்பு இதனைக் குடும்பத்தாரென்றே காட்டுகின்றது.

பாராபாஸியோலாப்ஸிஸ் என்பது இதற்கு மறுதலை. இது வடநாட்டுக் கடமான்களின் ஈரலிலேயே வாழ்வது. இடம் நோக்கின் ஹெபாடிகாவோடு சேரவேண்டும். ஆனால், இதன் வயிற்றினுள் நோக்கின் வேறு செய்தி கிடைக்கும்.

அஃதாவது, இப்புழுக்கள் ஒவ்வொன்றினுள்ளும் குடல் இரண்டாகப் பிரிந்து உடலின் இருமருங்கும் ஓடும். ஹெபாடிகா, ஜைகாண்டிகா, மாக்னா ஆகியவற்றில் அக்குடல் மரக்கிளைபோல் மேலும் மேலும் கிளைத்து உடலெங்கும் பரவும். பஸ்கியிலும் பாராபாஸியோலாப்ஸிஸிலும் கிளையின்றி எளிய குழாயாக ஓடும். எனவே, ஈரலில் வாழும் பாராபாஸியோலாப்ஸிஸ், குடலில் வாழும் பஸ்கிக்கே நெருங்கிய இயல்பினது. இடம் ஒன்றாயினும் குடல் வேறு. இடம் வேறாயினும் குடல் ஒன்று.

நத்தை கூறும் சான்று

இதற்குத் துணைநிற்கும் சான்று மற்றொன்று உண்டு. அதுவே என் பாட்டியாரின் வினாவிற்கும் நேர்விடை தருவது.

ஈரற்புழு இடும் முட்டைகள் சாணத்தோடு வெளிப்பட்டு நீரைச் சேரும். வெப்பம் ஏற்றதாயின், இரண்டு வாரமளவில் ஒவ்வொரு முட்டையினின்றும் மயிரிழை போர்த்த நுண்ணிய இளம்புழு வெளிவந்து நீந்தும். அதன் உடலிற் சேமித்த உணவு ஏறத்தாழ ஒரு நாளுக்கே போதும். அதற்குள் தனக்குரிய நத்தையைக் கண்டு உட்புகவேண்டும், இன்றேல் மாளும். நத்தையினுள் அது பல தலைமுறைகளாகப் பெருகும். ஓரிளம்புழு நூற்றுக்கணக்கான வாலுடைய புழுக்களாகி, நத்தையை விட்டு வெளியேறி, புல்லின் தண்டில் ஒட்டிக்கொண்டு, வாலை உதிர்த்துத் தன்னைச் சுற்றிக் கூடு கட்டிக்கொள்ளும். அக்கூட்டோடு புல்லை மாடு மேய்ந்தால், சிறுகுடலிற் கூடு கரைய, புழு குடற்சுவரைத் துளைத்து, வயிற்றறையைக் கடந்து, ஈரலைக் குடைந்து, பல வாரங்களுக்குப்பின் பித்தக்குழாயை அடையும். இவ்வரலாற்றினை இங்கிலாந்தில் தாமஸும் ஜெர்மனியில் லூக்கார்ட்டும் 1881 முதல் 1883 வரையிலான ஆண்டுகளில் தனித்தனியே ஆராய்ந்து வெளிப்படுத்தினர்.

‘தனக்குரிய நத்தை’ என்றேன். எல்லா நத்தையும் எல்லாப் புழுவிற்கும் இடம் தாரா. ஹெபாடிகா, ஜைகாண்டிகா, மாக்னா ஆகிய கிளைத்த குடலின லிம்னியா குடும்பத்து நத்தைகளையே நாடும். பஸ்கியும் பாராபாஸியோலாப்ஸிஸும் பிளானார்பிஸ் குடும்பத்து நத்தைகளை நாடும். குடல் பிரித்துக் காட்டிய இரு பிரிவையே நத்தையும் பிரித்துக் காட்டுதல் வியப்பன்றோ!

நம் ஏரிகளில் இவ்விரு குடும்பத்து நத்தைகளையும் மாணவர் எளிதில் வேறுபடுத்தலாம். ஓட்டின் கூர்நுனி மேலாகவும் வாய் நம்மை நோக்கியும் இருக்குமாறு பிடித்தால், லிம்னியாவின் வாய் வலக்கைப்பக்கம் திறந்திருக்கும். பிளானார்பிஸ் ஓடு கூர்நுனியின்றி முறுக்குப்போல் தட்டையாகச் சுருண்டிருக்கும். வாயில் மூடியுடைய பெருநத்தை இவ்விரண்டின் வேறு.

இனி, ஒரே பேரினத்துள்ளும் நத்தை வேறுபடும். ஹெபாடிகாவிற்கு ஐரோப்பாவில் இடந்தரும் நத்தை மிகச் சிறியது. நீரினும் சேற்றையே விரும்புவது. மாட்டின் குளம்படிப் பள்ளத்திலும் வாய்க்காலோர ஈரமண்ணிலும் வாழ்வது. ஆதலின், அந்நாட்டு நூல்கள் சதுப்புநிலத்தை வடித்து உலர்த்துக என்று கூறும். நம் ஜைகாண்டிகாவிற்கு இடந்தருவதோ காதுமடல்போல் அகன்ற வாயுடைய நீர்நத்தை. ஏரியிலும் கால்வாயிலும் கழனிநீரிலும் வாழ்வது. அதன் புழுக்கூடுகள் நீரில் மூழ்கிய தண்டிலும் இலையடியிலும் மிகுதியாக ஒட்டியிருக்கும். கோடையில் நீர் வற்ற வற்ற, மூழ்கியிருந்த அப்பசுமை வெளிப்படும். பசித்த கால்நடையும் அங்கேயே சேரும். புல்லறுக்கும் சிறுவனும் அங்கேயே செல்வான்.

எனவே, ஹெபாடிகா என்று பெயர் பிழைத்தவன் கொல்லைச் சேற்றை உலர்த்திவிட்டு, ஏரிப்புல்லை அறுத்து வந்து மாட்டின்முன் இடுவான். பெயரில் நேர்ந்த பிழை, தொட்டியில் நஞ்சாக முடியும்.

யானையின் புழு

உடலமைப்பும் எப்பொழுதும் போதுமானதன்று என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவேன். ஆசிய யானையின் ஈரலில் வாழும் புழுவொன்றிற்குக் காபோல்டு 1869-இல் பெயரிட்டார். நூறாண்டுக்கு மேலாக அது ‘பாஸியோலா ஜாக்ஸனி’ என்றே வழங்கியது. நம் மாட்டுப்புழுவின் உடன்பிறப்பென்றே எண்ணப்பட்டது.

ஆரணியில் இரண்டு சேலைகளைக் காட்டி, எதன் சரிகை தூயது என்று மூத்த நெசவாளரை வினவினால், அவர் மேற்பளபளப்பை நோக்கார். சரிகையிழை ஒன்றைச் சுரண்டி, உள்ளே ஓடும் நூலின் நிறத்தை நோக்குவார். தூய சரிகையின் உள்ளே சிவந்த பட்டிழை இருத்தல் வழக்கம். உயிர்நூலார்க்கும் அத்தகைய உள்ளிழை ஒன்று கிடைத்துள்ளது. அதுவே மரபணு. 2008-இல் அறிஞர் சிலர் இக்குடும்பத்துச் சிற்றினங்கள் ஏழின் மரபணு எழுத்துகளை வரிசைப்படுத்தி ஒப்பிட்டனர். யானைப்புழுவின் உள்ளிழை மாட்டுப்புழுவின் இழையோடு ஒத்திலது. கடலுக்கப்பால் வாழும் அமெரிக்க மான்புழுவோடு ஒத்தது! ஆதலின், 2013-இல் அதனைப் பாஸியோலாய்டீஸ் பேரினத்திற்கு மாற்றவேண்டும் என்று முன்மொழியப்பட்டது. இலங்கை யானையினின்று பெற்ற புழுவின் மரபணுத் தொடரை ஆராய்ந்து 2020-இல் வெளிவந்த கட்டுரையும் அம்மாற்றத்தையே உறுதிசெய்தது.

அதே 2008-ஆம் ஆண்டின் ஆராய்ச்சி வேறொன்றும் கூறிற்று. குடும்பமரத்தின் அடியில் முதலிற் பிரிந்து நிற்பது ஆப்பிரிக்க யானையின் புழு. அது வாழுமிடம் குடல். ஆகவே, இக்குடும்பத்தின் முன்னோர் ஆப்பிரிக்காவில், குடலில் வாழ்ந்தனர் என்றும், பின்னரே ஈரலுக்குக் குடியேறினர் என்றும், பிளானார்பிஸ் நத்தையினின்று லிம்னியாவிற்கு மாறினர் என்றும் அவ்வறிஞர் கருதுகின்றனர். ஈரற்புழுவின் பழைய வீடு ஈரலன்று! காரணப்பெயர் எத்துணை எளிதில் நம்மை மயக்குகின்றது பாருங்கள்.

வகைப்பாடு முடிந்துவிட்டது என்றும் கொள்ளற்க. ஜப்பான், கொரியா, சீனம், வியட்நாம் முதலிய நாடுகளில் ஹெபாடிகாவும் ஜைகாண்டிகாவும் கலந்த இடைவடிவங்கள் காணப்படுகின்றன. அவற்றுட் பல விந்தணுவின்றியே பெருகுகின்றன. அவற்றை எவ்வரிசையில் வைப்பதென்று அறிஞர் இன்னும் ஆராய்கின்றனர். கிளையிற் பிறந்தன பிறவும் உள என்று தொல்காப்பியர் விட்டுச்சென்ற இடம் இத்தகையவற்றிற்கே போலும்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் நாம் கொள்ளத்தக்கது யாது? ஓருயிரின் குடும்பத்தை அறிதல் வெறும் பெயர் மனப்பாடமன்று. அது எவ்வழி வரும், எவ்வழி தடுக்கலாம் என்று அறிதலாகும். மருந்திற்கும் இவ்வறிவு வேண்டும். சில மருந்துகள் பித்தக்குழாயை அடைந்த முதிர்ந்த புழுவையே கொல்லும். ஈரலைக் குடைந்துகொண்டிருக்கும் இளம்புழுவிற்கு அவை எட்டா. எக்காலத்தில் எம்மருந்து என்பதைக் கால்நடை மருத்துவரைக் கேட்டே செய்தல் வேண்டும். ஆனால், புல்லைக் காத்தல் நம் கையில் உள்ளது. புழுக்கூடு வெயிலையும் வறட்சியையும் தாங்காது. நீரோரப் புல்லைப் பச்சையாக இடாது, இரண்டு மூன்று நாள் நல்ல வெயிலிற் பரப்பி உலர்த்தி இடுதல் நலம். நீர்மட்டத்தின்கீழ் உள்ள அடித்தண்டினை விட்டு, மேற்புல்லை மட்டும் அறுத்தல் அதனினும் நலம். இவ்வளவிற்குப் பொருட்செலவு யாதும் இல்லை.

சென்ற விடுமுறையில் ஆரணிக்குச் சென்றபோது, பாட்டியாரிடம் இவற்றையெல்லாம் எடுத்துக் கூறினேன். நத்தையையும் புல்லையும் சொன்னேன். அப்புல்லை அடிவரை அறுத்துக் கொணர்ந்தவன் யானே என்பதையும் சொன்னேன். அவர் மறுமொழி யாதும் கூறாது என் கையை ஒருமுறை தடவிக் கொடுத்தார். எம் கொல்லையில் இப்பொழுது இரண்டு வெள்ளாடுகள் உள்ளன. மறுநாட் காலையில் யான் எழுமுன்னரே, அவற்றிற்குரிய ஏரிப்புல் மாடியில் வெயிலிற் பரப்பப்பட்டிருந்தது.